மாங்கனீஸ் பேசுன மாதிரியே இருந்துச்சு

கமிட்டிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்துச்சு. பிஎச்டி பண்றவன் ஆறு மாசத்துக்கு ஒருக்கா நாலு ப்ரொஃபசர் முன்னாடி நின்னு, இதுவரைக்கும் என்ன கிழிச்சேன்னு காட்டணும். போன தடவ நான் ஒண்ணும் கிழிக்கல. "அடுத்த தடவ ரிசல்ட்டோட வாங்க தம்பி"ன்னு அதுல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்தச் சிரிப்புக்கு மூட்டையக் கட்டுன்னு அர்த்தம். அது எனக்கும் தெரியும், என் கைடுக்கும் தெரியும், கேன்டீன்ல நின்ன ஜூனியர்ஸுக்கும் தெரியும்.

அந்தப் பதினோரு நாளப் பத்திதான் எழுதுறேன். இப்ப டைப் பண்ணும்போதே கால் தானா ஆடுது. ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா கண்டுக்காதீங்க.

தாயில்பட்டில எங்க தெருவுல முக்காவாசிப் பேருக்குப் பட்டாசு வேல. நான் என்ன படிக்கேன்னு கேட்டா "காந்தம்"னு ஒரே வார்த்தைல முடிச்சுருவேன். "காந்தத்துல படிக்க என்னப்பா இருக்கு? ஒட்டும், இல்லன்னா ஒட்டாது, அம்புட்டுதான?"ன்னு பக்கத்து வீட்டு மாமா கேப்பாரு. நான் சிரிச்சுட்டுப் போயிருவேன். ஆனா அவரு சொன்னது கரெக்டு. மூணு வருஷமா விருதுநகர்ல ஒரு காலேஜ் லேப்ல அடுப்பு மூட்டி நான் பாத்துக்கிட்டு இருக்குறது அது ஒண்ணத்தான். ஒட்டுமா, ஒட்டாதா.

கொஞ்சம் விவரமா சொல்றேன், பயப்படாதீங்க. செமிமெட்டல்னு ஒரு ஐட்டம் இருக்கு. காப்பர் மாதிரி முழு மெட்டலும் கிடையாது, சிலிக்கான் மாதிரி செமிகண்டக்டரும் கிடையாது, நடுவுல தொங்குது. ரெண்டு புஸ்வாணத்த எடுத்து மூக்கோட மூக்கு ஒட்ட வச்சுப் பாருங்க, ஒண்ணு நிமிந்து, ஒண்ணு கவுந்து. எலக்ட்ரான் எந்த எனர்ஜில இருக்கலாம்னு படம் போட்டா அந்த ஷேப்தான் வரும். ரெண்டு மூக்கும் தொடுற எடத்துல எலக்ட்ரானுக்கு எடமே இல்ல, அம்புட்டு ஒடுக்கம். பிஸ்மத்துல கொஞ்சமே கொஞ்சம் ஆன்டிமனிய சரியான அளவுல கலந்தா இந்த மாதிரி ஒண்ணு கெடைக்கும். அதுக்குள்ள நான் மாங்கனீஸத் தூவுறேன். நூத்துல ஒண்ணு, அதுக்கும் கம்மி. ஒவ்வொரு மாங்கனீஸ் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கேள்வி என்னன்னா, அம்புட்டு தூரம் தள்ளித் தள்ளி ஒக்காந்திருக்க இந்தக் குட்டிக் காந்தம் எல்லாம் சேந்து ஒரே பக்கம் திரும்புமா?

இத எங்க அக்காகிட்ட ஒரு ஞாயித்துக்கிழம சொன்னேன். அக்கா எனக்கு நாலு வயசு மூத்தவ, பட்டாசுக் கம்பெனில வேல. ஆனைக்குட்டம் டேம் மீன வாங்கி வந்து செதில் தேச்சுக்கிட்டு இருந்தா.

"ஒண்ணுக்கொண்ணு தொடாமத் தள்ளித்தான இருக்கு, எப்படில சேந்து திரும்பும்?"ன்னா.

"உங்க கம்பெனில ரூம் எல்லாம் தள்ளித் தள்ளித்தானக்கா இருக்கு? ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் போகக் கூடாதுன்னு. ஆனா பங்குனிப் பொங்கலுக்கு எல்லா ரூம்லயும் ஒரே நாள் லீவு போடுறீகளே, அது எப்படி?"

"தண்ணிக் கேன் கொண்டு வர்ற ஆளு ரூம் ரூமா சொல்லிட்டுப் போவான்."

"அந்த ஆளுதான் எலக்ட்ரான்."

"அந்த மீசக்காரனா? நாசமாப் போச்சு. அவன் இங்கன கேட்டத அங்கன மாத்தில சொல்லுவான்."

செம பாயின்ட். சாதா மெட்டல்ல அதான் நடக்குது. எலக்ட்ரான் ஏராளம், சேதி போவுது, ஆனா தூரத்தப் பொறுத்து மாறிப் போவுது. ஒரு ரூமுக்கு லீவுன்னு, அடுத்ததுக்கு வேலன்னு, அதுக்கடுத்ததுக்கு மறுபடி லீவுன்னு. செமிமெட்டல்ல அந்த மூக்குகிட்ட எலக்ட்ரான் ரொம்பக் கம்மி. ஆனா சேதி மாறாதுன்னு தியரி ஆளுக சொல்றாக. சொன்னது சொன்னபடி போகும். என்ன, ரொம்ப தூரம் போகாது, சீக்கிரமே மங்கிரும். அந்த மங்கிப் போன சேதி ஒரு கல்லு முழுக்க ஒரே பக்கம் திரும்பப் போதுமா? இதான் என் மூணு வருஷம்.

"திரும்புனா என்ன செய்வாக?"ன்னு அக்கா கேட்டா.

"எனக்கு டாக்டர் பட்டம் குடுப்பாக."

"ஊசி போடுற டாக்டர் இல்லேல?"

"இல்ல."

"அப்ப மீன் தலையத் தின்னுட்டுப் போயிப் படி."

இப்ப மிஸ்டேக்குக்கு வர்றேன்.

பிஸ்மத்துக்கு ஒரு திமிரு உண்டு. மத்த மெட்டல்ல முக்காவாசி உறையும்போது சுருங்கும், இது தண்ணி ஐஸ் ஆகுற மாதிரி பெருக்கும். நான் எல்லாத்தையும் ஒரு குவார்ட்ஸ் ட்யூப்ல போட்டு, காத்த உறிஞ்சி சீல் பண்ணி, அடுப்புல வச்சு, வாரக்கணக்குல மெதுவா ஆற விடுவேன். வெளிய எடுக்கும்போது ட்யூப் விரிஞ்சிருக்கும், கல்லு சுவத்தப் புடிச்சுக்கிட்டு வராது. நெம்பித்தான் எடுக்கணும். இந்த வேலைக்கு ஸ்டீல் டூல் தொடவே கூடாது. ஸ்டீல் ஒரு உரசு உரசுனா, கண்ணுக்குத் தெரியாத தூசி ஒட்டுனாப் போதும், மாங்கனீஸோட சிக்னல விட அது பெருசாத் தெரியும். மொத வாரமே சொல்லிக் குடுக்குற பாடம். லேப்ல இருந்த பிளாஸ்டிக் இடுக்கி சூட்டுல வளஞ்சு போச்சு. புதுசுக்குக் குடுத்த ஆர்டர் ஆபீஸ்ல தூங்குது.

எங்க ஊர்ல பொறந்தவனுக்கு இரும்பு இல்லாம எப்படி வேல பாக்கன்னு எவனும் கிளாஸ் எடுக்க வேண்டாம். மருந்து இருக்க எடத்துல இரும்பு கூடாது. உரசுனா பொறி, பொறின்னா முடிஞ்சது. அதனால பித்தள, மரம், பருத்தித் துணி. சின்னப் புள்ளைலருந்து கேட்டு வளந்தது. பெரிய பெரிய லேப்ல காசு கொட்டி வாங்குற இரும்பு இல்லாத டூலு எங்க அக்கா கம்பெனில மூலைக்கு மூல கெடக்கும்னு எனக்கு அப்படி ஒரு கெத்து. அக்காகிட்ட கேட்டேன். தேஞ்சு போச்சுன்னு ஓரமாத் தூக்கிப் போட்ட ஒரு பித்தளத் தகட எடுத்துட்டு வந்தா. வெரல் அகலம், மரக் கைப்பிடி. கலவைய ஏனத்துல இருந்து வழிச்செடுக்குற சாமான். நான் அத அசிட்டோன்ல மூணு தடவ அலசி, காய வச்சு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, "நான்-மேக்னடிக்"னு லேபிள் வேற ஒட்டுனேன். ஜூனியர்ஸ்கிட்ட காட்டி சீன் வேற போட்டேன்.

அந்தத் தகட வச்சு எடுத்த மாங்கனீஸ் சாம்பிள்தான் லூப்பக் காட்டுச்சு.

லூப்னா, காந்தப் புலத்த ஏத்தி எறக்கும்போது சாம்பிள் போன வழிலயே திரும்பாம வேற வழில வர்றது. கிராஃப்ல பாத்தா நீள வாக்குல ஒரு கண்ணு மாதிரி இருக்கும். புலத்த ஜீரோ ஆக்குன பிறகும் கல்லு மறக்கல, திரும்புன பக்கமே நிக்குதுன்னு அர்த்தம். அதுவும் ரூம் டெம்பரேச்சர்ல. நம்ம ரூம்ல, ஃபேன் சுத்துற சூட்டுல. நான் அளந்தது வெளியூர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்டோட மெஷின்ல. ஸ்க்ரீன்ல அந்தக் கண்ணு மெல்ல மெல்லத் தெறந்தப்ப எனக்கு ஒக்கார முடியல. எந்திரிச்சேன், ஒக்காந்தேன், மறுபடி எந்திரிச்சேன். மெஷின் பாத்துக்குற மேடம், "தம்பி, பாத்ரூம் அந்தப் பக்கம்"னாங்க.

கைடுக்கு போட்டோ அனுப்புனேன். ஒரு நிமிஷத்துல போன் வந்துச்சு. அவரு போன்ல சத்தமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு டவுட் அவருக்கு. மாங்கனீஸும் பிஸ்மத்தும் தனியா சேந்து கட்டி தட்டுனா அது தன்னாலயே நல்ல காந்தம், அதுவா இருக்குமோன்னு. எக்ஸ்ரேல பாத்தோம், கட்டி எதுவும் தெரியல. அம்புட்டுதான், அன்னைக்கே ஒரு மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் எழுதி அனுப்பிட்டாரு. மொதப் பேரு என்னோடது. கமிட்டிக்கு பிபிடி ரெடி பண்ணுன்னாரு. ரெண்டு வாரம் நான் காலேஜ்ல நடந்த நட இருக்கே, சொந்தமா பில்டிங் வாங்குனவன் கூட அப்படி நடக்க மாட்டான்.

கமிட்டிக்குப் பதினோரு நாள் இருக்கப்ப அதே மெஷின்ல எனக்கு இன்னொரு ஸ்லாட். கிராஃப இன்னும் அழகா எடுக்கலாம்னு போனேன். எல்லாம் முடிஞ்சும் ஒரு மணி நேரம் மிச்சம்.

"வேற ஏதாவது இருக்கா? இல்லன்னா மூடிரவா?"ன்னாங்க மேடம்.

பேக்குல மாங்கனீஸே போடாத வெறும் கல்லு ஒண்ணு கெடந்துச்சு. அதுவும் அதே மாதிரி வளத்து, அதே மாதிரி நெம்பி எடுத்ததுதான். போகுது, இதையும் போட்ருவோம்னு குடுத்தேன். வெறும் பிஸ்மத்துக்கு காந்தத்தக் கண்டாலே ஆகாது, வெலகி ஓடும். கிராஃப்ல கீழ்நோக்கி சரிஞ்ச ஒரு நேர்கோடு வரணும், கதை முடியணும்.

கோடு சரிஞ்சுதான் வந்துச்சு. நடுவுல கண்ணு தெறந்துச்சு.

"இதுலயும் மாங்கனீஸா?"ன்னாங்க மேடம்.

"இல்ல மேடம்."

"அப்புறம்?"

அவங்க சாம்பிளே வைக்காம வெறும் ஹோல்டரப் போட்டு ஓட்டிப் பாத்தாங்க. சுத்தமா ஒண்ணும் இல்ல. "மெஷின் மேல பழி போடாதீங்க"ன்னு சொல்லி, டேட்டாவ என் பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுத்தாங்க.

பஸ்ல வரும்போது என்னென்னவோ யோசிச்சேன். ஆன்டிமனி சரியில்லையா. ட்யூப்பு சரியில்லையா. எவனாச்சும் என் லேப்ல வேணும்னே எதையாச்சும் கொட்டிட்டானா. ஒரு ஜூனியர் மேல சந்தேகமே வந்துருச்சு, அவன் மூஞ்சி அப்படி. ஒரு தடவ கூட அந்தத் தகடு ஞாபகத்துக்கு வரல. அதுல நான்-மேக்னடிக்னு எழுதியிருக்கே, எழுதுனது நான்தான!

விருதுநகர்ல எறங்கி லேப்ல என் டேபிள்ல உள்ள சாமான் எல்லாத்தையும் அள்ளி பேக்குல போட்டு, சிவகாசி பஸ் புடிச்சு, அங்கருந்து வெம்பக்கோட்டை ரூட்டுல வீட்டுக்கு வந்துட்டேன். லேப்ல வச்சு செக் பண்ண தைரியம் இல்ல, யாராச்சும் பாத்துருவாக. வீட்டு முத்தத்துல ஒரு வெள்ளப் பேப்பர விரிச்சு ஒண்ணொண்ணா வச்சு, ஒரு பவர்ஃபுல் காந்தத்த மேல கொண்டு போனேன். பீங்கான் உரல், ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக் டப்பா, ஒண்ணுமில்ல. கடைசியா தகடு. தகடு அசையல, பித்தளதான. ஆனா தகட்டுல இருந்த கீறலுக்குள்ள இருந்து கறுப்பா பூன மீசை மாதிரி நாலு முடி எந்திரிச்சு நின்னுச்சு. கைப்பிடியும் தகடும் சேர்ற இடுக்குல ஒரு தாடியே நின்னுச்சு.

அக்கா அப்பத்தான் கம்பெனி வேன்ல இருந்து எறங்கி வந்தா. வாசல்லயே நின்னு காலக் களுவுனா.

"அக்கா, இந்தத் தகடு எந்த ரூம்ல உள்ளது?"

"எங்க ரூம்தான்."

"சரவெடி ரூமா?"

"சரவெடியா? நான் கம்பி மத்தாப்புக்கு மாறி ஒரு வருசம் ஆச்சுல."

எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவ சரம் பின்னுற ரூம்ல இருக்கான்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். கம்பி மத்தாப்புல அந்தப் பூ பூவாச் செதறுதே, அது இரும்புத் தூள். மருந்துலயே இரும்பு. இரும்புத் தூளக் கலந்த கூழ வழிக்கத்தான் பித்தளத் தகடு. இரும்பு படாம வேல பாக்கணும்னு நெனச்ச நான், ஊர்லயே இரும்பு அதிகமா ஒட்டுன சாமானத் தேடிக் கண்டுபுடிச்சு வாங்கிருக்கேன்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? கூடவே இருந்துக்கிட்டு!"ன்னு கத்துனேன்.

"எப்ப சொல்ல? நீதான் வந்ததும் காதுல வயர மாட்டிக்கிட்டு ஒக்காந்துருவியே. பித்தளத் தகடு வேணும்ன, பித்தளத் தகடு குடுத்தேன். எதுக்குன்னு நீ சொன்னியா?"

"மூணு தடவ அலசுனேன்க்கா, அசிட்டோன்ல!"

"அது என்ன?"

"நெய்ல் பாலிஷ் அழிக்கிறது மாதிரி."

அக்கா என்னைய ஒரு மாதிரி பாத்தா. "அந்தக் கூளு தண்ணில கரச்ச பசைல. தண்ணில ஒரு ராத்திரி ஊறப் போட்ருந்தா எல்லாம் போயிருக்கும். நாங்க அப்படித்தான களுவுவோம்."

அவ சொன்னது உண்ம. அந்தப் பச அசிட்டோன்ல கரையவே கரையாது. நான் அலசுனதுல பச காஞ்சு இறுகி, இரும்ப இன்னும் கெட்டியாப் புடிச்சு வச்சிருக்கு. ஒவ்வொரு தடவ நான் கல்ல நெம்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமா உதுத்து விட்ருக்கு.

நான் தலையில கை வச்சு ஒக்காந்துட்டேன். விஷயத்தச் சொன்னேன். லூப்பு, அப்ஸ்ட்ராக்ட்டு, கமிட்டி, எல்லாம். அக்கா கொஞ்ச நேரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா. அப்புறம் முடியல அவளுக்கு.

"அப்ப நீ படிச்சுப் படிச்சு கம்பி மத்தாப்பத்தான் அளந்திருக்க?"

"சிரிக்காத."

"ஏலே, எங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னா அவனே உனக்குப் பட்டம் குடுப்பான்."

"சிரிக்காதங்கேன்ல!"

அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, கொரலத் தாழ்த்தி, "வேற யாருக்குத் தெரியும்?"ன்னா.

"மெஷின் மேடத்துக்கு. அவங்களுக்கும் ஏதோ தப்புன்னுதான் தெரியும், என்னன்னு தெரியாது."

"அப்ப சொல்லாத. தகடத் தூக்கி குப்பைல போடு. மாங்கனீசு போட்டதுதான காந்தமா இருக்கு, இருக்கட்டும். பட்டத்த வாங்கிட்டு அப்புறமா ஒளுங்கா செஞ்சுக்கோ."

சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு நாள் நான் அதத்தான் பண்ணேன். பிபிடில லூப் போட்ட ஸ்லைட அழிக்கல. வெறும் கல்லு டேட்டா இருந்த ஃபைல வேற ஃபோல்டர்ல தள்ளி, பேர மாத்தி வச்சேன். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவுல பஸ்ல போயி வந்ததுல ஒரு தடவ கூட சீட்ல ஒக்காரல, எடம் இருந்தும் படிலயே நின்னேன். கண்டக்டர் ரெண்டு தடவ திட்டுனாரு.

நான் உத்தமன்லாம் இல்ல. என்னைய அரிச்சது வேற ஒண்ணு. மொத வருஷத்துல எட்டு மாசம் நான் வேற எவனோ ஒருத்தன் போட்ட பேப்பர நம்பி, அவன் சொன்ன மாதிரியே அடுப்பு வச்சு, அவன் சொன்னது வரலன்னு நாயா அலஞ்சேன். நாந்தான் முட்டாள்னு நெனச்சு அழுதிருக்கேன். கடைசி வரைக்கும் வரல. அவன் தகட்டுல என்ன ஒட்டியிருந்துச்சோ! இப்ப என் பேரு மொதல்ல போட்டு இது வெளிய போச்சுன்னா, எங்கயோ ஒருத்தன் இத நம்பி அடுப்பு மூட்டுவான். அவன் எப்படி இருப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னா நான் அவனாவே எட்டு மாசம் இருந்திருக்கேன்.

கமிட்டிக்கு எட்டு நாள் இருக்கப்ப, காலைல கைடு ரூமுக்குப் போனேன். காந்தம், தகடு, வெள்ளப் பேப்பர், மூணையும் டேபிள்ல வச்சேன். மீசைய எந்திரிக்க வச்சுக் காட்டுனேன்.

கைடு காந்தத்த வாங்கி, தானே இன்னொரு தடவ மேல கொண்டு போயிப் பாத்தாரு.

"வெறும் சாம்பிள் அளந்தியா?"

"அளந்தேன் சார். அதுலயும் லூப் இருக்கு."

"எப்ப அளந்த?"

"மூணு நாள் ஆச்சு சார்."

"மூணு நாளா என்ன பண்ண?"

"சொல்லாம இருக்கலாமான்னு பாத்தேன் சார்."

எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போனாரு, திரும்பி வந்தாரு. அவருக்கும் ஒக்கார முடியல. "லூப்ல ஒரு பகுதி இரும்பு, மிச்சம் மாங்கனீஸுன்னு இருக்கலாம் இல்லப்பா?"ன்னு கேட்டாரு. கேக்கும்போதே அவரு கொரல்ல நம்பிக்க இல்ல. "இருக்கலாம் சார். கழுவிப் பாத்தாத்தான் தெரியும்"னேன். "கமிட்டிக்குள்ள முடியுமா?" "ஸ்லாட் கெடச்சா முடியும்." அவரே மேடத்துக்குப் போன் போட்டாரு. கெஞ்சுனாருன்னே சொல்லலாம்.

கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல பீங்கான் முனை வச்ச இடுக்கி கடன் வாங்கி, ரெண்டு சாம்பிளையும் மெல்லிசான நைட்ரிக் ஆசிட்ல முக்கி, மேல்தோல உரிச்சு, தண்ணில அலசுனேன். தண்ணிலங்க. நாலு தடவ.

அடுத்த நாள் மெஷின் முன்னாடி. மொதல்ல வெறும் கல்லு. நேர்கோடு. கண்ணு மூடிருச்சு. அப்புறம் மாங்கனீஸ் கல்லு. புலம் ஏறுச்சு, எறங்குச்சு, போன வழிலயே திரும்பி வந்துச்சு. லூப் இல்ல. கொஞ்சம் கூட இல்ல. மாங்கனீஸ் கட்டியும் இல்ல, காந்தமும் இல்ல. ஒவ்வொண்ணும் அதது பாட்டுக்குத் தனியா ஒக்காந்திருக்கு.

"குளிர் வைக்கவா?"ன்னாங்க மேடம். ஹீலியம் இருந்துச்சு. கீழ எறக்கி, ஒவ்வொரு டெம்பரேச்சர்லயா நிறுத்தி நிறுத்தி அளந்தோம். ஒரு பாயின்ட்டுக்குப் பத்து நிமிஷம். காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் ஆச்சு. நான் அந்தக் காரிடார்ல நடந்த தூரத்துக்கு ஆலங்குளம் வரைக்கும் போயிட்டே வந்திருக்கலாம்.

அந்தப் பாயின்ட்ட எல்லாம் ஒரு கணக்குப்படி போட்டா ஒரு கோடு வரும். அந்தக் கோட்ட நீட்டி விட்டா டெம்பரேச்சர் அச்சுல எங்கயாச்சும் தொடும். சரியா ஜீரோல தொட்டா, குட்டிக் காந்தம் எதுவும் ஒண்ணோடொண்ணு பேசலன்னு அர்த்தம். ஜீரோவுக்கு எடது பக்கம் தொட்டா, ஒண்ணுக்கொண்ணு மொறச்சுக்கிட்டு நிக்குது. வலது பக்கம் தொட்டா, ஒரே பக்கம் திரும்பப் பாக்குது.

என் கோடு வலது பக்கம் தொட்டுச்சு. ஒரு மயிரிழ. அளவுல எம்புட்டுப் பிழை இருக்கலாம்னு எரர் பார் போட்டுப் பாத்தா, அதுக்குள்ள ஜீரோவும் அடங்குது.

இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.

மறுநாள் அப்ஸ்ட்ராக்ட்ட வாபஸ் வாங்குற மெயில கைடு என்னையே அனுப்பச் சொன்னாரு. "சாம்பிளில் வெளியிலிருந்து இரும்பு கலந்திருந்தது"ன்னு நாலே வரி. அத டைப் பண்ண எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. சென்ட் பட்டன் மேல வெரல வச்சுக்கிட்டு வெளிய போயி ரெண்டு டீ குடிச்சுட்டு வந்தேன்னா பாத்துக்கோங்க, லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டுப் போயிருக்கேன்.

கமிட்டில ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன். கழுவுறதுக்கு முன்ன, கழுவுனதுக்குப் பின்ன. ஏன்னு சொன்னேன். கம்பி மத்தாப்புன்னதும் ரெண்டு பேரு சிரிச்சாங்க. போன தடவ சிரிச்சவரு இந்தத் தடவ சிரிக்கல. கடைசி கிராஃபையே உத்துப் பாத்தாரு.

"வலது பக்கம் தொடுதுன்னு காட்டுறீங்க. நம்பலாமா?"

"தெரியல சார்."

"உங்களுக்கே தெரியலையா?"

"மாங்கனீஸக் கூட்டிக் கூட்டி இன்னும் சாம்பிள் போடணும் சார். பேசுறது நெசம்னா, கூட்டக் கூட்ட இன்னும் வலது பக்கம் தள்ளும். தள்ளலன்னா, இது வெறும் எரரு."

"எத்தன சாம்பிள்?"

"ரெண்டு."

"ரெண்டு புள்ளி பத்தாது தம்பி. நாலு."

என்னைய வெளிய நிக்கச் சொன்னாங்க. கதவு சாத்துச்சு. உள்ள என் கைடு கொரல் கேட்டுச்சு, வார்த்த புரியல. கொஞ்ச நேரத்துல அவரே வெளிய வந்தாரு.

"ஆறு மாசம் குடுத்திருக்காங்க. அதுக்கு மேல கேக்காதன்னு சொல்லிட்டாங்க."

"சரி சார்."

"ஒரு சாம்பிளுக்கு எம்புட்டு நாளாகும்?"

"அஞ்சு வாரம் சார்."

அவரு மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு, நானும் போட்டேன். இருக்குறது ஒரே அடுப்பு, நாலு அஞ்சு இருவது. ஆறு மாசத்துக்கு இருவத்தாறு வாரம். அளக்க, எழுத எல்லாம் சேத்துப் பாத்தா ஒண்ணு கூட சொதப்பக் கூடாது. அவரு என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போயிட்டாரு.

நான் சாப்பிடக் கூடப் போகல, நேரா லேப்புக்குப் போயி மொத சாம்பிளுக்கு மாங்கனீஸ எடை போட ஒக்காந்தேன். தராசு ரொம்ப நுணுக்கமானது, டேபிள் லேசா அசஞ்சாலும் நம்பர் ஓடும். ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஃபேன ஆஃப் பண்ணேன். கதவச் சாத்துனேன். அப்பவும் கடைசி ரெண்டு நம்பர் நிக்கல. குனிஞ்சு பாத்தா, டேபிள் கால்ல முட்டி இடிச்சு இடிச்சு நான்தான் ஆட்டிக்கிட்டு இருக்கேன்.